துக்கம் கேட்கப் போகும் முன்: வேறொரு வழக்கத்தின் வாசலில் நிற்பவருக்கு

வேறு மதத்து நண்பர் வீட்டில் சாவு. போகவேண்டும் என்று இருக்கிறது. ஆனால் பூ வாங்கிப் போகலாமா, எந்த நிறத்தில் உடுத்துவது, கையைப் பிடிக்கலாமா, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. தயங்கித் தயங்கி நாள் கடந்துவிடும். பிறகு, இவ்வளவு நாள் கழித்தா வருகிறாய் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் போகாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். குணப்படுத்த முடியாத கட்டத்துக்கு வந்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களும்தான் என் அன்றாடம். பல மொழி, பல மதம், மதமே இல்லாதவர்கள் என எல்லோருக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மதம் எது என்று தெரிந்தால் பாதி தெரியும். மீதிப் பாதி அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. ஒரே பள்ளிவாசலுக்குப் போகும் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக நடப்பதைப் பார்க்கலாம். அதனால் கீழே நான் சொல்லும் வழக்கங்கள் எல்லாம் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிவதற்காக. கேட்காமலே முடிவு செய்துகொள்வதற்காக அல்ல.

யாரிடம் கேட்பது

கணவரை இழந்தவரிடமோ பிள்ளையை இழந்தவரிடமோ கேட்காதீர்கள். எந்தத் துக்க வீட்டிலும் வாசல் பக்கம் ஒருவர் கையில் போனோடு நின்றுகொண்டிருப்பார். மருமகனாக இருக்கும், சித்தப்பா மகனாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கும். வண்டி ஏற்பாடு, சான்றிதழ், யாருக்குத் தகவல் போனது என்பதெல்லாம் அவர் கையில். அவருடைய எண்ணை வாங்கி இரண்டே கேள்வி கேளுங்கள்: “எப்போது வந்தால் வசதி? நான் தெரிந்துகொண்டு வரவேண்டியது ஏதாவது இருக்கிறதா?” அவ்வளவு போதும். “உங்கள் மதத்தில் இதற்கு என்ன செய்வார்கள்?” என்று ஆரம்பித்தால், பாவம், அந்த நேரத்தில் அவர் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

உயிர் பிரியும்போது நீங்கள் அங்கே இருந்தால்

மூச்சு நின்றதும் உடனே எதையாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். நான் கருவிகளின் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுச் சற்று நேரம் ஒதுங்கி நிற்பேன். பிறகு, உடலைத் தொடுவதற்கு முன், “உங்கள் வழக்கப்படி முதலில் செய்யவேண்டியது ஏதாவது உண்டா?” என்று கேட்பேன். பதில்கள் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும். முஸ்லிம் குடும்பம் உடனே கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை நேராக்க விரும்பும். உடலைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் அதே பாலினத்தவர். வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பம் அடக்கம் வரை உடலைத் தனியாக விடாது. யாராவது ஒருவர் வேதத்திலுள்ள சங்கீதங்கள் என்ற துதிப் பாடல்களைப் படித்தபடி கூடவே இருப்பார். சில பௌத்தக் குடும்பங்களோ உணர்வு மெல்ல மெல்லத்தான் விலகுகிறது என்று நம்புவதால், சில மணி நேரம் யாரும் தொடவே வேண்டாம் என்பார்கள். ஜன்னலைத் திறந்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு. அயர்லாந்தில் அது பழைய வழக்கம்.

எந்த மதத்திலும் சேராத வழக்கங்களும் இருக்கின்றன. ஒரு மகள் என்னிடம் சீப்பு கேட்டார். அம்மாவின் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன். வறண்டுபோன முடி, மெதுவாகச் சிக்கெடுத்து வகிடு எடுத்தார். எதிர்ப்பக்கம் நின்ற தம்பி, “அம்மாவுக்கு வகிடு இடது பக்கம்” என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் கலைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள். அன்றிலிருந்து அலமாரியில் ஒரு புதுச் சீப்பு வைத்திருக்கிறேன். கையால் செய்ய ஏதாவது இருந்தால், குடும்பத்தினரைச் செய்ய விடுங்கள். நீங்கள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

“இவ்வளவு சீக்கிரமா?” “இன்னுமா?”

இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். இஸ்லாத்திலும் யூத வழக்கத்திலும் அடக்கம் கூடிய விரைவில், முடிந்தால் ஒரு நாளுக்குள் நடக்க வேண்டும். சனி, ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிரிட்டனில் இறுதிச் சடங்குக்கு இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். கானாவில் வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் வந்து சேரவும் செலவுக்குப் பணம் சேரவும் உடல் மாதக்கணக்கில் குளிரறையில் இருப்பது உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் தொராஜா மக்கள் பதப்படுத்திய உடலை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பெரிய சடங்கு நடக்கும் வரை அவர் அவர்களுக்கு இறந்தவர் அல்ல, நோயாளி. அவருக்குச் சாப்பாடு வைப்பார்கள், பேசுவார்கள். வேகமாக மண்ணில் சேர்ப்பதும் மரியாதைதான், வழியனுப்ப மனமில்லாமல் வைத்திருப்பதும் மரியாதைதான்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு

யூத வீட்டில் நடப்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் துக்கம் கேட்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் குடும்பம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். துக்கம் காப்பவர்கள் தாழ்வான இருக்கையில் இருப்பார்கள், கிழித்த மேலாடையோடு. தாய் தந்தைக்கு என்றால் கிழிசல் இடது பக்கம், இதயத்தின் மேல். கதவு தாழிடாமல் இருக்கும். வருகிறவர் மணி அடிக்க வேண்டாம், துக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து வரவேற்கவும் வேண்டாம். உள்ளே போய் உட்கார வேண்டும். அவர் பேசும் வரை நீங்கள் பேசக்கூடாது. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த மரபு. அவர் இறந்தவரைப் பற்றிப் பேசினால் அதையே பேசுங்கள். பேசவில்லையா, சும்மா இருங்கள். பூ கொண்டுபோகாதீர்கள், சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் அவர்கள் உணவு விதி பார்க்கிறவர்களா என்று வாசலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு. கல்லறைக்குப் போனால் பூவுக்குப் பதில் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு வருவார்கள்.

முஸ்லிம் வீட்டிலும் அடுப்பு எரியும் பொறுப்பு அக்கம்பக்கத்தாருடையது. 629ஆம் ஆண்டு மூத்தா போரில் நபிகளின் உறவினர் ஜஅஃபர் இறந்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபிகள் சொன்னதாக வரும் செய்திதான் அதற்கு அடிப்படை. பொதுவாக மூன்று நாள் துக்கம் கேட்பார்கள். இறந்தவருக்காக நடக்கும் ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, சிரம் பணிவதும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். அந்த மதத்தில் இல்லாதவர் பின்னால் அமைதியாக நிற்கலாம். ஆணும் பெண்ணும் தனித்தனி இடத்தில் இருக்கக்கூடும். எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கையை நீட்டாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சீக்கிய வீட்டுக்கும் குருத்வாராவுக்கும் தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். கொரியாவில் இறந்தவரின் படத்துக்கு முன் இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கி, பிறகு துக்கம் காப்பவர்களை ஒரு முறை வணங்குவார்கள். ஜப்பானில் உறையில் பணம் வைப்பதென்றால் புத்தம்புது நோட்டு கூடாது. இந்தச் சாவுக்கு முன்கூட்டியே தயாராக இருந்ததுபோல் ஆகிவிடும். நியூசிலாந்தின் மாவோரி மக்களோடு இடுகாட்டுக்குப் போனால் வெளியே வரும்போது தண்ணீரில் கை கழுவுங்கள். இந்துக் குடும்பங்கள் பலவற்றில் கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போவதே முறை. நிறத்துக்கு ஒரே விதி கிடையாது: ஐரோப்பாவில் கருப்பு, இந்துக்களிடமும் பழைய சீன வழக்கத்திலும் வெள்ளை, கானாவின் அக்கான் மக்களிடம் சிவப்பும் கருப்பும். சீனர் வீட்டுக்குச் சிவப்பு உடுத்திப் போகாதீர்கள். எதுவும் தெரியாவிட்டால் அலங்காரமில்லாத மங்கிய நிறம் எங்கேயும் பழுதில்லை.

அழுகை பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் ஒப்பாரி வைத்து, மார்பில் அடித்து அழுவார்கள். சில இடங்களில் ஒரு விசும்பல்கூடக் கேட்காது. இறைவன் சித்தத்தை ஏற்பது என்று சீக்கிய மரபு சொல்வதால் அந்த வீடுகளில் பலர் அடக்கிக்கொள்வார்கள். நியூ ஆர்லியன்ஸில் கருப்பின மக்களின் இறுதி ஊர்வலத்தில் இடுகாடு வரை சோக இசை, அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் பாட்டம். சத்தத்தை வைத்துப் பாசத்தை அளக்காதீர்கள். என் பிரிவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளைகள், அப்பாவின் மாத்திரை நேரம் வந்ததும் வெறும் கையோடு அலமாரி வரை நடந்துபோய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன சொல்வது

இறந்தவரைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். “நல்ல மனிதர்” என்பதை எல்லோரும் சொல்வார்கள். “என் பையனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்” என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும். பெயரைச் சொல்லித் தயக்கமில்லாமல் பேசுங்கள். ஒரு விலக்கு உண்டு: ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் பலரிடம் இறந்தவரின் பெயரைக் குறிப்பிட்ட காலம் உச்சரிக்கக்கூடாது, படத்தையும் காட்டக்கூடாது. அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தொடக்கத்திலேயே அதற்கு எச்சரிக்கை போடுவார்கள்.

சொல்லக்கூடாதவை: “அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது.” “கடவுள் தனக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்.” “சின்ன வயசு, இன்னொரு குழந்தை பிறக்கும்.” இதையெல்லாம் துக்கத்தில் இருப்பவரே சொன்னால் தலையாட்டலாம். நீங்களாக எடுத்துக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

“முதலில் மறுப்பு, பிறகு கோபம், அப்புறம் பேரம்…” என்று ஐந்து கட்டம் சொல்லி ஆறுதல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது, தங்கள் சொந்த மரணத்தை எதிர்கொண்ட நோயாளிகளிடம் பேசிய பிறகு. இழந்தவர்களுக்கான கால அட்டவணை அல்ல அது. என் அனுபவத்துக்குப் பொருந்துவது 1999இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்: மனம் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே மாறி மாறிப் போய்வரும். காலையில் கதறியவர் சாயங்காலம் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படுவார், எதையோ பார்த்துச் சிரிப்பார். மனம் அப்படித்தான் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டியவை

வழக்கங்கள் பல இருந்தாலும் ஏறக்குறைய எல்லாம் துக்கத்துக்கு ஒரு படிக்கட்டுக் கட்டியிருக்கின்றன. யூதர்களுக்கு ஏழு நாள், முப்பது நாள், தாய் தந்தைக்குப் பன்னிரண்டு மாதம். கிழக்கத்திய மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறிஸ்தவத் திருச்சபைகளில் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள். திபெத்திய, ஜப்பானிய பௌத்தர்களுக்கு 49ஆம் நாள். இந்துக்களுக்குக் குடும்பத்தையும் சமூகத்தையும் பொறுத்துப் பத்து, பதின்மூன்று, பதினாறு, பிறகு ஆண்டு முடிவில் திதி. கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை.

இது உங்களுக்கு எதற்கு? இரண்டு காரணம். இந்தக் காலத்தில் கல்யாணம், விருந்து என்று அழைப்பு வைக்க நேர்ந்தால், “நீங்கள் வரமுடியாது என்று தெரியும், ஆனால் உங்களை விட்டுவிட மனசில்லை” என்று சொல்லி வையுங்கள். அழைக்காமல் விடுவது அதைவிட வலிக்கும். இரண்டாவது, கடைசிப் படி முடிந்த மறுநாள். அதுவரை வீடு நிறைய ஆள் இருந்திருக்கும். சடங்கு முடிந்ததும் பாய், நாற்காலி எல்லாம் திரும்பிப் போய்விடும், போன் அடிப்பது நின்றுவிடும். நீங்கள் போகவேண்டிய நாள் அதுதான். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள், அவர்கள் சொல்லமாட்டார்கள். “வியாழக்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன், வங்கிக்குச் சேர்ந்து போகலாம்” என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள்.

வழக்கமே இல்லாத துக்கம்

என்னை அதிகம் கலங்கடிப்பது இதுதான். கருவில் கலைந்த குழந்தை, ஊரறியாத காதலர், விவாகரத்தான கணவர், பல வருடம் பார்த்துக்கொண்ட முதியவரை இழந்த வீட்டுப் பணியாளர். இவர்களுக்கு உட்கார ஒரு தாழ்வான இருக்கை கிடையாது, விடுப்பும் கிடையாது, யாரும் துக்கம் கேட்கவும் வருவதில்லை. 1987இல் அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக ஒரு மாபெரும் ஒட்டுத்துணி விரிப்பு தொடங்கியது. குடும்பமே கைவிட்ட பலருக்கு அப்போது முறையான அடக்கம்கூட நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடித் துணி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. நண்பர்கள் அதில் பெயரைத் தைத்தார்கள். ஜப்பானில் பிறக்காமல் போன குழந்தைகளுக்காகக் கோயில்களில், குழந்தைகளைக் காப்பவராக நம்பப்படும் ஜிஸோவின் சிறிய சிலைகளை வைத்து, சிவப்புத் துணி கட்டி வழிபடுகிறார்கள். ஒட்சுச்சி என்ற ஊரில் ஒருவர் 2010இல் தன் தோட்டத்தில் இணைப்பே இல்லாத ஒரு தொலைபேசிக் கூண்டை வைத்தார், இறந்துபோன உறவினரோடு பேசுவதற்காக. அடுத்த ஆண்டு ஆழிப்பேரலை வந்த பிறகு, உடல்கூடக் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் வந்து அதில் பேசத் தொடங்கின.

அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால் மற்ற வீடுகளுக்குப் போவதுபோலவே போங்கள். கருக்கலைந்த தாயிடம், பெயர் யோசித்து வைத்திருந்தார்களா என்று மெல்லக் கேளுங்கள். சொன்னால் அந்தப் பெயரை நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள்.

நினைவு நாளை நீங்களே அமைக்க

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் படம் வைத்து, செவ்வந்திபோல் மஞ்சளாகப் பூக்கும் துலுக்கச் சாமந்தியைத் தூவி, இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள்; முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. சீனர்கள் ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளில் கல்லறையைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறார்கள். ஜப்பானின் ஓபோன் நாட்களில் முன்னோர் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை; கியோட்டோவில் ஆகஸ்ட் 16 இரவு மலைச்சரிவுகளில் பெரும் தீ மூட்டி வழியனுப்புகிறார்கள். யூதர்கள் ஆண்டு நினைவுக்கு ஒரு நாள் முழுவதும் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மடகாஸ்கரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, எலும்புகளுக்குப் புதுத் துணி சுற்றி, தோளில் வைத்து ஆடுகிறார்கள்.

இவற்றில் பொதுவாக மூன்று இருக்கின்றன. குறித்த ஒரு நாள். கைக்கு ஒரு வேலை. ஒரு முடிவு, விளக்கு அணையும், விருந்தாளி திரும்பிப் போவார். உங்கள் குடும்பத்துக்கு வழக்கம் எதுவும் இல்லையென்றால் இந்த மூன்றையும் வைத்து ஒன்றைத் தொடங்கலாம். இறந்த நாள்தான் என்றில்லை, பிறந்த நாளாக இருக்கலாம். அவருடைய கையெழுத்தில் இருக்கும் ஒரு கடிதத்தைப் பிள்ளைகள் முறை வைத்துப் படிக்கலாம், அவர் நட்ட செடிக்கு உரம் போடலாம். சாயங்காலத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், முடிவு முக்கியம்.

வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபட்டால்

மகன் ஒரு மதத்துக்கு மாறியிருப்பார், மகளுக்கு நம்பிக்கையே இல்லை, அப்பா எதுவும் சொல்லாமல் போய்விட்டார். இந்தச் சண்டை படுக்கையருகிலேயே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் இறந்தவர் சொன்னது. அவர் சொல்லவில்லையென்றால் அவரோடு கடைசிவரை வாழ்ந்தவரின் விருப்பம். பிரார்த்தனை, பாட்டு, உடை போன்றவற்றில் இரண்டு பேருடையதையும் அடுத்தடுத்து நடத்தலாம்; யாருக்கும் நஷ்டமில்லை. எரிப்பதா புதைப்பதா என்பதில் மட்டும் அப்படி முடியாது, திருப்பி எடுக்க முடியாத முடிவு அது. இஸ்லாமும் மரபுவழி யூதமும் கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையும் எரிப்பதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. ஆனால் சாம்பலைத் தூவக்கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது என்று 2016இல் அறிவுறுத்தியது.

ஆகவே பேச முடிகிற காலத்திலேயே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எரிப்பதா, புதைப்பதா, உடல் தானமா, யார் தொட்டுக் குளிப்பாட்ட வேண்டும், யாருக்குக் கட்டாயம் தகவல் போக வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் உட்பட, எந்தப் படத்தை வைக்க வேண்டும், போனின் கடவுச்சொல் எங்கே. “ஏன் இதையெல்லாம் இப்போது கேட்கிறாய்?” என்று கோபப்பட்டால், உங்களுடைய தாளை முதலில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள். பெரும்பாலும் படத்தில் இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும்.